பூங்காக் கழிவறையின் சாவியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தப் பூங்கா, எந்தக் கழிவறை என்று விளக்க வேண்டியதில்லை. மனு மேல் மனுவாகக் கொடுத்திருக்கிறோம், உங்கள் மேசையில்தான் இருக்கும். போன வாரம் அங்கே ஒரு அம்மா தலைசுற்றி விழுந்து மணிக்கட்டு முறிந்த செய்தியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஏன் விழுந்தார் என்பது வந்திருக்காது.

அவருக்கு வயது எழுபதுக்கு மேல். பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குனிந்தே உட்கார்ந்ததில் முட்டியும் இடுப்பும் போய்விட்டன. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதால் வருகிறார். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். அதைப் போட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்கும். பூங்காவிலோ கழிவறை இருக்கிறது, அதில் பூட்டும் இருக்கிறது. ஆண்கள் நாங்கள் சுற்றுச்சுவர் பக்கம் ஒதுங்கிவிடுகிறோம், பெருமையாகச் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார்? பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். காலையில் காபி கிடையாது. ஒரு மிடறு தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பி வருவார். வாய் உலர்ந்து பேச்சே குழறும். பாட்டிலை நீட்டினால், “வூட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேம்பா” என்பார். கழிவறை இல்லாத வீட்டில் வளர்ந்து, விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய் வந்த தலைமுறை அது. அடக்கிக்கொள்வது அவர்களுக்குப் பழகிப்போனது.

ஆனால் உடம்பு பழகிக்கொள்ளாது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. உடம்பில் நீர் குறைந்த நிலையில் அழுத்த மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கண் இருட்டும். அதுவும் நூறு டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் இந்த ஊரில், கத்திரி வெயிலில். அன்று அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார், விழுந்தார். அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கழிவறையைக் காலை 5 மணிக்குத் திறந்து வையுங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை, இது ஒன்றுதான்.

காவலாளி 8 மணிக்குத்தான் வருவார் என்கிறீர்கள். 8 மணிக்கு வேலூர் வெயிலில் எந்தக் கிழவன் நடப்பான்? திறந்து விட்டால் குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் உடற்பயிற்சிச் சாதனங்களைத் திறந்துவைத்த அன்று அதே கழிவறை திறந்திருந்ததே! வாளி, மக்கு, புது சோப்பு, பினாயில் வாசனை, எல்லாம் இருந்தன. குழாய் எங்கும் ஓடவில்லை. விருந்தினரின் கார் கிளம்பியதும் மறுபடி பூட்டு தொங்கியது. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. கோட்டைக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரரை 1981இல் உள்ளே திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் வருகிறது. ஒரு பூட்டைத் திறப்பது அதைவிடவா கஷ்டம்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் வந்தபின் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். நல்ல விஷயம். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்கள், வாரத்தில் மூன்று நாள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறது. எல்லோரும் நடக்கத்தான் சொல்கிறார்கள். சரி, எங்கே நடப்பது? நடைபாதையில் கடை, கடைக்கு முன்னால் பைக், பைக்குக்கு அப்புறம் சாலை, சாலையில் ஷேர் ஆட்டோ. 2016இலேயே ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த ஊர் இது! இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. விட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு 8 கிலோமீட்டர் வேண்டாம், அந்தச் சின்னப் பூங்காவே போதும். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, இங்கே தனியாக இருப்பவர்கள் எங்களில் பலர். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் யாராவது போன் போடுவார்கள், எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவார்கள். எந்தத் திட்டத்திலும் இல்லாத ஏற்பாடு இது. நடப்பதைவிட அதற்காகவே வருபவர்களும் உண்டு. அந்த அம்மா விழுந்தபின் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். காரணம் வெயில் என்கிறார்கள். வெயில் இல்லை.

ஆகவே மீண்டும் பணிவாகக் கேட்கிறோம்: காலை 5 முதல் 8 வரை கழிவறை திறந்திருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் சாவியை எங்களிடம் கொடுங்கள். கூட்டிக் கழுவுவது, பினாயில் வாங்குவது, குழாய்க்குக் காவல் எல்லாம் எங்கள் பொறுப்பு, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். சாவியை எங்கே, எப்போது வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள். விடியற்காலை நான்கு மணி என்றாலும் சரி, நாங்கள் எழுந்துதான் இருப்போம்.

இப்படிக்கு,
காலை நடைக்கு வரும் முதியவர்களில் ஒருவன்,
வேலூர்