உன் லென்ஸ் விஷயமாக

லே,
செப்டம்பர் 24

அன்புள்ள சேகர்,

வீட்டில் எல்லோரும் நலந்தானே? நான் நலம். உன் லென்ஸ்தான் நலமில்லை. வெளியூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, அதனால்தான் கடிதம் என்று சாக்கு சொல்லலாம். நிஜம் என்னவென்றால், உன் வசவைக் காதால் கேட்கத் தைரியமில்லை.

கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை. ஹான்லே போகும் 250 கிலோமீட்டர் சொச்சமும் பையை மடியிலேயே வைத்திருந்தேன். நியோமா தாண்டி ஒரு வெட்டவெளியில் காட்டுக் கழுதைக் கூட்டம். வண்டியை நிறுத்தச் சொல்லி, லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்து அழுத்தினால் பாதிச் சத்தத்தோடு கேமரா உறைந்துவிட்டது. லென்ஸ் தொடர்பு சரியில்லை, துடைக்கவும் என்று திரையில் எழுத்து. கழுதைகள் போய்விட்டன, ஒன்றைத் தவிர. நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

ஹான்லேயில் நாங்கள் தங்கிய வீட்டுப் பையனிடம் பென்சில் ரப்பரைக் கடன் வாங்கி, பின்பக்கத்துப் புள்ளிகளைத் தேய்தேய் என்று தேய்த்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் ரப்பர் கறுத்ததுதான் மிச்சம். எரிச்சலில் டயலை உருட்டிக்கொண்டிருந்தபோது, துவாரம் முழுசாகத் திறக்கும் எஃப் 2.8-க்கு வந்தது. அழுத்தினேன், எடுத்தது! எஃப் 4 வைத்தால் மறுபடி உறைகிறது. அப்போதுதான் புரிந்தது. துவாரத்தைச் சுருக்கும் அபெர்ச்சர் இதழ்கள் மூட வேண்டியிருந்தால்தான் தகராறு. முழுசாகத் திறந்தே இருந்தால் அதற்கு வேலையே இல்லையே. உள்ளே இதழ்களுக்குப் போகிற ரிப்பன் கேபிள், ஜூமைத் திருகும்போதெல்லாம் மடங்கி மடங்கி விரிசல் விட்டிருக்கும். எத்தனை கல்யாணத்துக்குத் திருகியிருப்பாய் நீ! ஆக, பாதிக் குற்றம் உன்னுடையது.

அப்புறம் ஒரு வாரம் எல்லாமே 2.8 தான். உச்சி வெயிலில் வெளிச்சம் வழியாமலிருக்க ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/4000 விநாடி. வீட்டுக்காரர் குடும்பத்தை நிற்க வைத்து எடுத்தேன். பாட்டி பளிச்சென்று இருக்கிறார், பின்வரிசை மருமகன்கள் மூவரும் மங்கல். பாட்டிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் ராத்திரி இருக்கிறதே, சேகர்! வானம் எடுக்க எப்படியும் முழுசாகத்தானே திறக்க வேண்டும். 24 மில்லிமீட்டர், 20 விநாடி, ஐஎஸ்ஓ 3200. ஃபோகஸை ஒரு நட்சத்திரத்தில் கையால் பிடித்து, வளையத்தை டேப் ஒட்டி நிறுத்திவிட்டேன். வானாய்வகம் இருக்கும் காவலூரில் நாம் கழுத்து வலிக்கப் பார்த்த விருச்சிகம் இங்கே தென்மேற்கு மலைக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. அங்கே அடிவானத்தில் தேடித் தேடி நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளாத துருவ நட்சத்திரம், இங்கே நல்ல உயரத்தில் இருக்கிறது. இப்போதாவது ஒத்துக்கொள். காவலூர் நடத்துகிறவர்களின் 2 மீட்டர் தொலைநோக்கிதான் இங்கே 4,500 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை பெங்களூருக்குப் பக்கத்து ஹோஸ்கோட்டேயிலிருந்து சாட்டிலைட் வழியாக இயக்குகிறார்களாம். அதற்கு ஏதாவது வந்தால் யார் ரப்பர் வாங்கித் தேய்ப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை போனது. படத்தில் மூலை நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைத்திருக்கிறது. நம் சிநேகிதன் மொட்டை பார்த்தால் லென்ஸை மாற்று என்பான். அவனுக்குக் காட்டாதே.

இன்று லே வந்ததும் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் விசாரித்தேன். தாராளமாகத் திறந்து பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். உன் மிக்ஸி ஞாபகம் வந்தது. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சென்னை வந்து முறையாகக் கொடுக்கிறேன், செலவு என்னுடையது. இதில் பேச்சே கிடையாது.

இன்னொன்று. கிளம்பும் முன் தங்கச்சி சொன்னாள், கடையை மூடியதிலிருந்து நீ கேமராவைத் தொடவே இல்லையாமே. லென்ஸை அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தபோது நீ மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை. நேற்று ராத்திரி குளிரில் அதைத் துணியில் சுற்றும்போதுதான் உறைத்தது. ஜூம் வளையத்து ரப்பரில் உன் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து போயிருக்கிறது.

ரிப்பேர் முடிந்ததும் என் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன், உன் கையில்தான் தருவேன். ஜனவரியில் காவலூர் போகலாம், மொட்டையையும் இழுத்துக்கொண்டு. காரை நீ ஓட்டக் கூடாது.

அன்புடன்,
உன் கழுதை