வாசகர் வட்ட ஆண்டறிக்கை: போருக்குப் பின் இந்தியாவும் ஜப்பானும்

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இந்த வருடம் எதைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் உறுப்பினர் மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைக் காட்டினார். "இது காவிரித் தண்ணின்னு எல்லாருக்கும் தெரியும். இதைக் கொண்டுவந்த பணம் எங்கே இருந்து வந்துச்சு?" என்று கேட்டார். ஜப்பான் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஏன் ஜப்பான் என்று அவர் திருப்பிக் கேட்டபோது அறையில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இந்த ஆண்டின் தலைப்பு அங்கேதான் முடிவானது.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் கிணற்று நீரிலும் போர்வெல் நீரிலும் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் கறை பிடிக்கும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். நம் வட்டத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2008ல் ஜப்பான் அரசு நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தம் ஆனது. 2013ல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. ஜப்பான் இதை இனாமாகத் தரவில்லை. வட்டி குறைவு, தவணை நீளம் என்றாலும் கடன் கடன்தான், நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.

பன்னிரண்டு கூட்டங்கள் திட்டமிட்டோம், பத்து நடந்தன. ஒன்று மழையால் நின்றது. இன்னொன்று பள்ளித் தேர்வு வாரத்தில் வந்ததால் நாங்களே தள்ளிவைத்தோம்.

முதல் இரண்டு கூட்டங்களும் 1951, 52ஆம் ஆண்டுகளைப் பற்றியவை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு இடம் கிடையாது. 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஜப்பான் அணி வந்தது. அப்போது ஜப்பான் இன்னும் அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்த நாடு, சமாதான உடன்படிக்கைகூட ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான மாநாடு கூடியபோது இந்தியா போகவில்லை. அந்த உடன்படிக்கையின்படி ஜப்பானின் தெற்கே ஒகினாவா உள்ளிட்ட ரியூக்யூ தீவுகள் அமெரிக்கர் கையில் இருக்கும், ஜப்பான் மண்ணில் அந்நியப் படையும் இருக்கும். தோற்ற நாட்டையும் மற்ற நாடுகளுக்குச் சமமாக நடத்த வேண்டும், இந்த உடன்படிக்கை அப்படி நடத்தவில்லை என்பது நேரு அரசின் நிலை. அப்புறம் 1952 ஏப்ரல் 28ல் தூதரக உறவு, ஜூன் 9ல் டோக்கியோவில் தனியாக ஒரு சமாதான உடன்படிக்கை. அதில் போர் இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. பிந்தைய ஆண்டுகளில் பர்மாவும் பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் ஜப்பானிடம் இழப்பீடு பெற்றன. பர்மாவுக்கு 20 கோடி டாலர், பிலிப்பைன்ஸுக்கு 55 கோடி டாலர்.

இங்கேதான் இந்த ஆண்டின் பெரிய விவாதம் வெடித்தது. விட்டுக்கொடுத்தது பெருந்தன்மை என்று பாதிப் பேர். மற்றவர்கள் அந்தமானை நினைவுபடுத்தினார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தபோது அங்கே சித்திரவதைப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் நம் மக்கள். சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மடிந்த ஆயிரக்கணக்கான கூலிகளில் பெரும்பகுதியினர் தமிழர்கள். "அவங்க பேர்ல மன்னிக்க டெல்லிக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று ஓர் அம்மா கேட்டார். அவருடைய தாத்தாவின் தம்பி மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர். அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் கண்டுபிடித்துவிட்டோம் என்று இந்த அறிக்கையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று 1948ல் தனித் தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பாலைப் பற்றியும் பேசினோம். ஜப்பான் படை கொடுமை செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. போர் தொடுத்ததையே குற்றமாக்கும் சட்டம் அன்றைக்கு இல்லை என்பதும், பின்னால் செய்த சட்டத்தை முன்னால் நடந்ததற்குப் போட முடியாது என்பதும் அவர் வாதம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுத்தான் பலரும் அவரைப் புகழ்கிறார்கள், பலரும் திட்டுகிறார்கள்.

சிறுவர்களுக்கான கூட்டத்தில் யானைக் கதை. போர்க்காலத்தில், 1943ல், டோக்கியோ உயேனோ விலங்குக்காட்சி சாலையில் இருந்த யானைகளைப் பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். போர் முடிந்ததும் யானை வேண்டும் என்று டோக்கியோ குழந்தைகள் நேருவுக்கு எழுதினார்கள். 1949 செப்டம்பரில் இந்திரா என்ற பெயரோடு மைசூர்ப் பக்கத்து யானை ஒன்று அங்கே போய் இறங்கியது. அதற்குக் கன்னடக் கட்டளைதான் புரியும் என்பதால், கூடப்போன மாவுத்தர்களிடம் ஜப்பானியப் பராமரிப்பாளர்கள் அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். 1983 வரை அது உயிரோடு இருந்தது. எல்லைப் பக்கத்து நம் பிள்ளைகளுக்குக் கன்னடம் பழக்கம் என்பதால் அவர்கள் ஆளாளுக்கு யானைக்குக் கட்டளை போட்டுக் காட்டினார்கள். இந்த ஆண்டு அதிகக் கூட்டம் வந்த நாள் அதுதான்.

என்னைப் பொறுத்தவரை இந்த வருடத்தின் முக்கியமான கூட்டம் இரும்புத் தாதுவைப் பற்றியது. 1957 மே மாதம் ஜப்பான் பிரதமர் கிஷி இந்தியா வந்தார். அக்டோபரில் நேரு ஜப்பான் போனார், ஹிரோஷிமாவுக்கும் போனார். அப்போது நம் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அந்நியச் செலாவணி இல்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1958 பிப்ரவரியில் ஜப்பான் 1,800 கோடி யென், அன்றைய மதிப்பில் 5 கோடி டாலர், கடன் கொடுத்தது. ஜப்பான் எந்த நாட்டுக்கும் கொடுத்த யென் கடன்களில் முதலாவது இதுதான். நம் செம்புத் தண்ணீருக்கான கடன் ஐம்பது வருடம் கழித்து அதே வழியில் வந்தது. சென்ற பொதுக்குழுவில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே கிடைத்தது.

ஜப்பானுக்கு இதில் என்ன லாபம்? கடன் பணத்தில் நாம் வாங்கியது ஜப்பான் இயந்திரங்களை. அவர்களுடைய உருக்காலைகளுக்குத் தாது வேண்டும், அவர்கள் மண்ணில் அது போதுமான அளவு இல்லை. 1960ல் பைலடிலா மலைத் தாதுவுக்கு ஜப்பானிய உருக்காலைகளோடு ஒப்பந்தம் ஆனது. இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டில் உள்ள அந்த மலை எருதின் திமில்போல் இருப்பதால் அந்தப் பெயர். அங்கே கிரந்துலிலிருந்து விசாகப்பட்டினம் வரை, அரக்குப் பக்கம் மலையைக் குடைந்து குடைந்து ரயில் பாதை போட்டார்கள். 1968ல் சுரங்கம் ஓடத் தொடங்கியது. பெரிய கப்பல் வருவதற்காக 1976ல் விசாகப்பட்டினத்தில் வெளித்துறைமுகம் திறந்தார்கள்.

அந்தத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நம் மூத்த உறுப்பினர் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார். தாது ஏற்றும் நாளில் சட்டை, மீசை, சோற்றுத் தூக்கு எல்லாம் செம்மண் நிறமாகிவிடும் என்றார். பையிலிருந்து ஒரு தாதுக் கல்லை எடுத்துச் சுற்றுக்கு விட்டார். ஆற்றுக் கல்லைப்போல் இரண்டு மடங்கு கனம், கையில் வாங்கிய எல்லோரும் ஒருகணம் தடுமாறினோம். மலையடிவாரத்தில் சங்கினி ஆறு தாதுக் கழிவால் சிவந்து ஓடியதையும், அந்த ஆற்றை நம்பியிருந்த ஆதிவாசிகள் பட்ட பாட்டையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். இரண்டு நாட்டு நட்புக்கு அவர்கள் கொடுத்த விலை எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படவில்லை. மார்கழியில் அவர் காலமானார். அறிக்கை முடிந்ததும் எழுந்து நின்று அவருக்கு அஞ்சலி செலுத்துவோம். கல் நூலக அலமாரியில் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறுபது, எழுபதுகளில் உறவு ஆறிப்போனது. அவர்கள் அமெரிக்கப் பக்கம், நாம் அணிசேராப் பக்கம், நம் சந்தையும் மூடிக் கிடந்தது. 1982ல் மாருதி–சுசூகி ஒப்பந்தம், 1983 டிசம்பரில் முதல் கார், இது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1991ல் கையில் டாலர் தீர்ந்தபோது ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்துச் சுமார் 40 கோடி டாலர் வாங்கியது. 1998 மே மாத அணுகுண்டுச் சோதனைக்குப் பின் ஜப்பான் புதிய கடன்களை நிறுத்தியது. குண்டு விழுந்த நாடு அப்படித்தானே செய்யும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2001 அக்டோபரில் அந்தத் தடை நீங்கியது. டெல்லி மெட்ரோ, பின்னர் சென்னை மெட்ரோ என்று கடன்கள் தொடர்ந்தன. 2011ல் விரிவான பொருளாதார ஒப்பந்தமும் அமலுக்கு வந்தது. ஆனால் நாம் அவர்களுக்கு விற்பதைப்போல் பல மடங்கு அவர்களிடம் வாங்குகிறோம். 1952ல் சமமான இடம் என்று பேசினோம். வியாபாரத்தில் அந்த இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை. கடன் நாம் கட்டுவது என்று மேலே அழுத்திச் சொன்னதும் இதனால்தான். கட்டுகிறவர்கள் என்ற முறையில் கணக்குக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. திட்டக் குடிநீர் இன்னும் ஒழுங்காக வராத குக்கிராமங்களின் பட்டியலை நம் உறுப்பினர்கள் தயாரித்திருக்கிறார்கள். அதை மனுவாகக் கொடுக்க இன்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இம்மாதமே கொடுத்துவிடுங்கள், புத்தகம் வாங்கிய கடையில் பாக்கி நிற்கிறது.

1952ல் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட ரப்பர்–அரிசி ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு கருதுகிறது. வேறு யோசனை இருந்தால் இன்றே சொல்லலாம். இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்