தண்டோரா நின்றது, வண்டி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிராமத்து மக்களை வாட்ஸ்அப் குழுக்கள் தூண்டிவிடுகின்றன என்று மேடைதோறும் பேசப்படுவதால், மேலூர் வட்டாரத்து டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்பை உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பரில் சுரங்க ஏலம் முடிந்த செய்தி எங்களுக்கு எந்த அலுவலகத்திலிருந்தும் வரவில்லை; சுமார் 2,015 ஹெக்டேரை வளைத்துக் கோடு போட்ட வரைபடமாகக் கைபேசியில்தான் வந்தது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கண்மாய்க் கரையில் அமர்ந்து, வாசிக்கத் தெரிந்த ஒருத்தியைச் சூழ்ந்துகொண்டு, தங்கள் ஊரும் அதற்குள் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால், நவம்பர் 23 அன்று அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் கிராம சபை கூடித் தீர்மானம் எழுதிய பிறகே எங்கள் பேச்சு கோரிக்கையாயிற்று. டிசம்பர் 9இல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணி சென்றனர். அம்மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அப்படிப்பட்ட கிராம சபைக்கு இன்று அழைப்பே ஒழுங்காக வருவதில்லை. தண்டோராவை 2022இல் அரசு நிறுத்தச் சொன்னது சரியான முடிவு; அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பது ஊரறிந்ததே. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும் என்றார்கள். எங்கள் ஊராட்சியில் சென்ற முறை வண்டி வரவில்லை. முந்தைய இரவு ஒன்பதரை மணிக்கு, ஒரு கட்சிக்காரர் நடத்தும் குழுவில் அழைப்பு வந்தது. அந்தக் கட்சி பிடிக்காமல் குழுவிலிருந்து விலகியவர்களுக்கும், பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் கூட்டம் நடந்ததே தெரியாது. எங்களைப் போல 3,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சிக்கு 200 பேர் கூடினால்தான் குறைவெண் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) நிறையும் என்பதால், காலையில் வீடு வீடாக ஆள் தேடினார்கள்.

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள், ஊர்ப் புறம்போக்கை யாருக்கோ விட்டுக்கொடுத்துத் தீர்மானம் போட்டுவிட்டதாக அதே குழுவில் ஒரு குரல் பதிவு பரவி, இரண்டு தெருக்காரர்கள் கைகலக்கும் நிலைக்குப் போனார்கள். அப்படி ஒரு தீர்மானமே இல்லை. ஆனால், அதைக் காட்டும் தீர்மானப் புத்தகம் ஊராட்சி அலுவலகப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது.

எனவே, கூட்டப் பொருளை ஏழு நாள் முன்னதாக ஊராட்சியே எழுத்திலும் குரலிலும் அனுப்பவும், கையெழுத்தான தீர்மானப் பக்கங்களை அன்று மாலையே படமெடுத்துப் பகிரவும், ஒலிபெருக்கி வண்டியைத் தவறாமல் அனுப்பவும் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். முதலிரண்டுக்கும் தனி நிதி தேவையில்லை. வீட்டு வரி பாக்கியை நினைவூட்டும் செய்தி ஊராட்சியின் கைபேசியிலிருந்து எங்களுக்கு மாதம் தவறாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்