உன் ஐந்தாம் நம்பர் சட்டை

எக்ஸ்டன், பென்சில்வேனியா
செப்டம்பர் 2025

அன்புள்ள முரளிக்கு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எட்டு மாதம். அம்மாவின் கண் ஆபரேஷன், ஊருக்குப் போய் வந்தது, ஆபீஸ் வேலை என்று காரணங்கள் உண்டு. எட்டு மாதத்துக்கு எதுவும் காணாது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது, சீரியலில் வருகிறவள் கட்டியிருப்பது அசல் பட்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார். பாஸ்கர் மறுபடி வீடு மாறிவிட்டான். காரணம் உனக்கே தெரியும். லதா உன்னையும் சுமதியையும் விசாரித்தாள்.

சரி, எழுத உட்கார்ந்த விஷயம் வேறு.

போன சனிக்கிழமை பேஸ்மென்ட்டை ஒழித்தபோது உன் அட்டைப்பெட்டி ஒன்று அகப்பட்டது. 2011-இல் டாலஸுக்குக் கிளம்பிய அன்று வண்டியில் இடமில்லை என்று என் தலையில் கட்டினாயே, அதுதான். மேலே இட்லித் தட்டு, ஒரு பழைய ரோடு மேப். அடியில் உன் ஐந்தாம் நம்பர் சட்டை, அமெரிக்கக் கால்பந்தில் நம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் பந்து எறிந்து ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் டோனவன் மெக்நாபுடைய எண். வெள்ளை எண் கோடையில் வறண்ட ஏரி மாதிரி வெடித்திருக்கிறது. இடது கையில் அந்தக் கடுகுச் சாஸ் கறை இன்னும் இருக்கிறது. விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கார்த்திக் மாடிப்படியில் இறங்கி வந்தான். பதினேழு வயது ஆகிறது, என்னைவிட உயரம். "யார் சட்டை இது, மெக்நாபா? சூப்பர் பௌலில் வாந்தி எடுத்தாரே, அவர்தானே?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. பள்ளியில் படித்த வரலாற்றை ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் இந்த ஊரைத் தோளில் சுமந்த மனிதன், ஒரு தலைமுறை கழிந்ததும் ஒற்றை வாந்தியாகச் சுருங்கிவிட்டான். அதுவும் 2005-இல், கோப்பைக்கான இறுதி ஆட்டமான அந்தச் சூப்பர் பௌலில், நடந்ததா இல்லையா என்றுகூட முடிவாகத் தெரியாத வாந்தி! அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற சென்டர் ஆடியவர் ஒன்று சொன்னார், கூட ஆடிய மற்றவர்கள் வேறு சொன்னார்கள், மெக்நாப் இல்லவே இல்லை என்றார்.

மறுநாள் ஞாயிறு, வீட்டில் கூட்டம். பாஸ்கர் வந்திருந்தான், எதிர்வீட்டுக்காரரும் வந்தார். மனிதர் ஈகிள்ஸின் பழைய மைதானமான வெட்டரன்ஸ் ஸ்டேடியம், நம் 'வெட்', காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவர். நான் சும்மா இருந்திருக்கலாம், சட்டையைக் கொண்டுவந்து சோபாவில் போட்டேன். அவ்வளவுதான், மேட்ச்சை யாரும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சொல்வது இதுதான்: "நல்ல ஆட்டக்காரர், மகத்தான ஆட்டக்காரர் இல்லை. ஐந்து முறை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார், ஒரு முறைதான் உள்ளே போனோம், அங்கேயும் தோற்றோம்." கணக்கு தப்பில்லை. சூப்பர் பௌலுக்கு முந்தைய படியான என்எஃப்சி இறுதியில் ராம்ஸிடம் 29-24, டாம்பாவிடம் 27-10, கரோலைனாவிடம் 14-3, கடைசியில் அரிசோனாவிடம் 32-25. நடுவில் ஒரே ஒரு தடவை அட்லாண்டாவை ஜெயித்தோம். டாம்பாவிடம் தோற்றது வெட்டில் ஈகிள்ஸ் ஆடிய கடைசி மேட்ச் என்பதை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை. சொல்லும்போது குரல் கம்மியது. நானும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் நான் கேட்டது வேறு. ஐந்து முறை வாசலுக்குப் போனதே குற்றமா? மெக்நாபுக்கு முன்னால் இந்த அணி எங்கே இருந்தது? 1998-இல் பதினாறில் மூன்றே மூன்று ஜெயித்த அணி இது. கோச்சாக ஆண்டி ரீட் வந்தார், மெக்நாப் வந்தார், இரண்டாவது வருஷமே பதினொன்று ஜெயித்தோம். அடுத்த வருஷங்களில் அவர் எறியும் பந்தைப் பிடிக்க யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார். திராஷ், பிங்க்ஸ்டன், ஃப்ரெடி மிச்சல். அவர்களை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் நாக்அவுட் ஆட்டங்கள் நடக்கும் ஜனவரி வரை போனார். பந்து பிடிப்பதில் பேர்போன டெரல் ஓவன்ஸ் வந்த 2004-இல், புள்ளி வாங்கித் தந்த டச்டவுன் 31, எதிரணி கையில் போன இன்டர்செப்ஷன் எட்டே எட்டு. ஒரு சீசனில் முப்பதுக்கு மேல் டச்டவுனும் பத்துக்குக் குறைவாக இன்டர்செப்ஷனும் என்பதை அதுவரை ஒருவரும் செய்ததில்லை. ஈகிள்ஸுக்காக 32,873 யார்டு, 216 டச்டவுன், 92 வெற்றி. இன்றுவரை இந்த அணியில் அதைத் தாண்டிய குவார்ட்டர்பேக் இல்லை.

கார்த்திக் விடவில்லை. "அப்பா, பின்னால் வந்த குவார்ட்டர்பேக் ஃபோல்ஸ் கோப்பை கொண்டுவந்தார், ஹர்ட்ஸ் கொண்டுவந்தார். மெக்நாப் கொண்டுவரவில்லை" என்றான். பாஸ்கர் உடனே டாலஸ் கௌபாய்ஸின் பழைய குவார்ட்டர்பேக் டிராய் அய்க்மனை இழுத்தான். மெக்நாபே ஒரு முறை சொன்னதுதான்: என் கணக்கு அய்க்மனைவிட மேல், மகத்தான ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் நான் ஏன் இல்லை என்று. அய்க்மன் 165 டச்டவுன், 141 இன்டர்செப்ஷன். மெக்நாப் எல்லா அணிக்கும் சேர்த்து 234, 117. ஆனால் அய்க்மன் கையில் மூன்று சூப்பர் பௌல் இருக்கிறது. நீ இப்போது அந்த ஊர்க்காரன், துள்ளிக் குதிப்பாய் என்று தெரியும். குதி. அய்க்மனோடு ஆடிய எம்மிட் ஸ்மித்தையும் மைக்கேல் இர்வினையும் மெக்நாபிடம் கொடுத்துவிட்டுப் பிறகு குதி. டாலஸில் பதினாலு வருஷம் இருந்தும் கௌபாய்ஸ் தொப்பி வாங்கவில்லை என்று சுமதி லதாவிடம் சொன்னாளாம், அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன்.

ராத்திரி எல்லோரும் போன பிறகு 2005 சூப்பர் பௌலில் நாம் கடைசியாக டச்டவுன் அடித்த அந்த டிரைவை, அந்தத் தொடர் முன்னேற்றத்தை, திரும்பப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பத்து பாயிண்ட் பின்தங்கியிருக்கிறோம், 5:40 பாக்கி. அவசரம் என்பதே இல்லாமல் ஒவ்வொரு முறையும் கூடிப் பேசிவிட்டு வந்து நிற்கிறார்கள். கிரெக் லூயிஸிடம் அந்த 30 யார்டு பந்து போய்ச் சேரும்போது 1:48. கிட்டத்தட்ட நாலு நிமிஷம் கரைந்துவிட்டது. பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். மூன்று இன்டர்செப்ஷனும் அவருடையதுதான். ஆனால் கடிகாரம் கோச் கையிலும் இருந்தது, அதை யாரும் பேசுவதில்லை. 357 யார்டு, மூன்று டச்டவுன், பெலிசிக் கோச்சாக இருந்த நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக, மூன்றே பாயிண்டில் தோல்வி. அதையும் யாரும் பேசுவதில்லை.

முரளி, எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அரிசோனா மேட்ச். 2002 நவம்பர். வெட்டில் உச்சி வரிசையான 700 லெவல், நீயும் நானும். அப்பர் டார்பியிலிருந்து ரயில் பிடித்து, சிட்டி ஹாலில் மாறி, பாட்டிசன் வரை நின்றுகொண்டே போனோம். மூன்றாவது பிளேயிலேயே இரண்டு பேர் மெக்நாப் மேல் விழுந்தார்கள். எழுந்து நொண்டினார். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஓட முடியவில்லை, நின்ற இடத்திலிருந்தே எறிந்தார். எறிந்த 25-இல் 20 சரியாகப் போய்ச் சேர்ந்தது, நாலு டச்டவுன். சுளுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மேட்ச் முடிந்து எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. ரயிலில் வீடு திரும்பும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றுதான் உன் சட்டையில் அந்தக் கறையும் விழுந்தது. இதைக் கார்த்திக்கிடம் சொன்னேன். "முறிந்த காலோடவா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். நாம் இந்த ஊருக்கு வந்த அதே 1999-இல்தான் அவரும் வந்தார். ஒய்2கே கம்ப்யூட்டர் வேலைக்கு இரண்டு பெட்டியோடு நாம். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது ஆளாகத் தேர்வாகி அவர். நியூயார்க்கில் அவர் பெயரைப் படித்தவுடனே ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பஸ் பிடித்துப் போன ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அவர்களுக்குப் பந்தோடு ஓடுகிற ரிக்கி வில்லியம்ஸ் வேண்டும். இன்னும் ஒரு பந்துகூட எறியாத பையனை வாசலிலேயே வைத்து ஊளையிட்டார்கள். அப்புறம் 2003-இல் ஒரு வானொலிக்காரர் டிவியில் உட்கார்ந்துகொண்டு, கறுப்பின குவார்ட்டர்பேக் ஜெயிக்க வேண்டும் என்று ஊடகங்கள் ஆசைப்படுவதால்தான் மெக்நாபைத் தூக்கிப் பேசுகின்றன என்றார். சில நாளில் அவருக்கு அந்த வேலை போனது, ஆனால் பேச்சு போகவில்லை. ஓடினால் இவனுக்கு எறியத் தெரியாது என்றார்கள். நின்று எறிந்தால், ஏன் ஓடவில்லை என்று இந்த ஊர்க் கறுப்பினச் சங்கத் தலைவரே எழுதினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. அந்த வருஷங்களில் ஆபீஸில் நம் உச்சரிப்பைப் பற்றி நாம் பட்டதெல்லாம் இதன் பக்கத்தில் வைக்கக்கூடியது இல்லை. ஆனால் வந்த இடத்தில் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லப்பட்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குக் கொஞ்சம் தெரியும். அதனால்தான் அவரை நம் ஆளாக எடுத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

பீடர்சனை நினைத்துப் பார்த்தாயா? 1999-இல் மெக்நாபுக்காகக் குவார்ட்டர்பேக் நாற்காலியைக் காலி செய்தவர் அவர். அவரையும் இந்த ஊர் ஊளையிட்டது. அதே பீடர்சன் கோச்சாகத் திரும்பி வந்து 2018-இல் கோப்பை வாங்கினார், இன்று ஸ்டேடியத்துக்கு வெளியே ஃபோல்ஸோடு சிலையாக நிற்கிறார். எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். 2010 அக்டோபர் 3. அந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறு அன்று மெக்நாபை வாஷிங்டன் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தப் பிரிவிலேயே உள்ள எதிரிக்கு! அக்டோபரில் அந்தச் சட்டையோடு நம் மைதானத்துக்கு வந்தார். பெயரை அறிவித்ததும் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது. பதினோரு வருஷம் முன்னால் ஊளையிட்ட அதே ஊர். நீ எழுந்து கை தட்டினாய். நான் உட்கார்ந்தே இருந்தேன், கையைக் கட்டிக்கொண்டு. "எழுந்திருடா" என்று நீ என் தோளைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. நான் உன் கையைத் தட்டிவிட்டேன். சின்சினாட்டி மேட்ச் டையில் முடியலாம் என்றே தெரியாது என்று அவர் சொன்னது, என்எஃப்சி இறுதியில் அரிசோனாவிடம் தோற்ற அந்த 2009 ஜனவரி, எல்லாக் கோபமும் அப்போது என்னிடம் இருந்தது. திரும்பி வரும்போது காரில் நாம் பேசவில்லை. அதற்கப்புறமும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆறே மாதத்தில் நீ டாலஸ் போய்விட்டாய்.

2013-இல் அவருடைய ஐந்தாம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தபோது நான் வீட்டில் டிவி முன்னால் எழுந்து நின்றேன். லதா என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உனக்குப் போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. நீ சொன்னது சரி, முரளி. அன்று நான் எழுந்திருக்க வேண்டும். உன் கையைத் தட்டிவிட்டிருக்கக் கூடாது. பதினைந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

ஹால் ஆஃப் ஃபேம் என்னவோ கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. 2017-இலிருந்து தகுதி உண்டு, கதவு திறக்கவில்லை. கிடைத்தால் உன்னோடு ஒஹாயோவுக்கு, ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற கேன்டனுக்கு, வண்டி ஓட்டி வருவேன். கிடைக்காவிட்டால் எனக்கு ஒன்றும் குறையாது. என் கணக்கில் அவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார்.

சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். கறை போகவில்லை. கார்த்திக் போட்டுப் பார்த்தான், தோளில் சரியாக இருக்கிறது. அடுத்த ஹோம் மேட்சுக்குப் போட்டுக்கொண்டு போகட்டுமா என்று கேட்கிறான். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீயே போன் செய்து அவனிடம் சொல். அரிசோனா மேட்சையும் உன் வாயால் ஒரு தடவை சொல்லு, நான் சொன்னதில் பாதி அவன் நம்பவில்லை.

இட்லித் தட்டு வேண்டாம் என்று சுமதி சொன்னால் லதா எடுத்துக்கொள்கிறாளாம்.

அன்புடன்,
ரகு