எண்ண முடியாத பெயர்களா, எண்ணாத பெயர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் சாதாரண தர மாணவர்களுக்காக வெளிவந்த ஆங்கில இலக்கணப் பாடத்தில் ஒருமை பன்மை நன்றாகவே விளக்கப்பட்டிருந்தது. ஆயினும், 'அன்கவுன்டபிள்' பெயர்களை "எண்ண முடியாத பொருள்களின் பெயர்கள்" என்று வரையறுத்திருப்பது பிள்ளைகளைக் குழப்பும். அத்தகைய சொற்களுக்கெனப் பாடம் தந்த பட்டியலிலேயே பணத்தைக் குறிக்கும் 'மனி' இருக்கிறது. சம்பளக் காசை எண்ணி வாங்குகிற வீட்டுப் பிள்ளை இதை எப்படி ஏற்கும்? பொருளை எண்ண முடியுமா என்பதன்று கேள்வி. ஆங்கிலம் அதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறதா, மொத்தமாகப் பார்க்கிறதா என்பதே கேள்வி.

இந்த வேறுபாடு மலையகத்துக்குப் புதிதன்று. "இருபது கிலோ கொழுந்து" என்போமே தவிர, கொழுந்துகள் என்று யாரும் சொல்வதில்லை. தேயிலைத் தொழிலின் ஆங்கிலமும் அப்படியே: 'லீஃப்' என்பதன் பன்மை 'லீவ்ஸ்' என்று வகுப்பில் படித்தாலும், தராசில் நிறுக்கும் பச்சைக் கொழுந்துக்கு அத்தொழிலில் வழங்கும் பெயர் 'கிரீன் லீஃப்' என்ற ஒருமைதான். 'டீ' என்பதும் பொதுவாகப் பன்மை ஏற்காது. ஆனால் கடையில் இரண்டு கோப்பை கேட்கும்போதும், கொழும்பு ஏலத்தில் பல வகைத் தேயிலையைச் சேர்த்துக் குறிக்கும்போதும் 'டீஸ்' என்பது பிழையற்ற ஆங்கிலமே. ஒரே சொல் இரு பக்கமும் நிற்கும் என்பதை மனப்பாடப் பட்டியல் எதுவும் சொல்லித் தராது.

தமிழ் பன்மையை ஏற்க, ஆங்கிலம் மறுக்கும் இடத்தில்தான் உண்மையான இடர்ப்பாடு. தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள், உபகரணங்கள் என்று எழுதிப் பழகிய கை, 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்றும் எழுதிவிடுகிறது. அலுவலக அறிவித்தல் பலகைகளும் இதற்கு விலக்கல்ல. பிரெஞ்சு மொழியிலும் தகவலுக்குப் பன்மை உண்டு என்பதால், இதை மாணவரின் மந்தபுத்தி என்று கடிவது நியாயமன்று. மறுபுறம், அஃறிணைப் பெயருக்குக் 'கள்' விகுதி தமிழில் கட்டாயமில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய பெயர்களை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. 'பத்து மரம்' நமக்கு வழுவன்று. 'டென் ட்ரீ' என்று எழுதும் பிள்ளை தன் தாய்மொழியின் ஒழுங்கையே பின்பற்றுகிறது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால், சிவப்பு மையால் வட்டமிடுவதோடு நிறுத்தமாட்டார்.

எனவே அடுத்த பாடத்தில் அந்த நீண்ட பட்டியலைக் குறைத்து, தமிழோடு முரண்படும் சொற்களை மட்டும் தனியே எடுத்து, 'எ பீஸ் ஒஃப் அட்வைஸ்' போன்ற அளவைத் தொடர்களோடு முழு வாக்கியங்களாகத் தருமாறு வேண்டுகிறேன். 'எஸ்' எழுத்தில் முடிந்தும் ஒருமை வினையே கொள்ளும் 'நியூஸ்' என்ற சொல்லுக்கும் அதில் சற்று இடம் ஒதுக்கலாம்.

இங்ஙனம்,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.