மேகத்துக்குத் தப்பிய கிரகணம்

சிங்கப்பூர்
13.3.2016

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கடிதம் இரண்டு மாதமாக என் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. ஒரு வரி எழுதக்கூட நேரமில்லையா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஞாயிறுதோறும் கைபேசியில் பேசுகிறோமே என்று தள்ளிப்போட்டுவிட்டேன், மன்னியுங்கள். புதன்கிழமை நான் பார்த்ததைப் பேசித் தீர்க்க முடியாது. பாதியிலேயே அட்டையில் காசு முடிந்துவிடும்.

மாசி அமாவாசையன்று சூரிய கிரகணம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுமத்ராவுக்குக் கிழக்கே பங்கா, பெலித்துங் தீவுகளில் அது முழுக் கிரகணம். எங்களுக்குச் சூரியனில் 87 விழுக்காடு மறையும் பகுதிக் கிரகணம்தான், காலை 7.22க்குப் பிடித்து, 8.23க்கு உச்சம் கண்டு, 9.32க்கு விடும் என்று சொன்னார்கள். வேலை நாளில் எப்படிப் போனாய் என்று கேட்பீர்கள். யார்டுக்குக் கப்பல் வருவது சற்றுக் குறைந்திருப்பதால் எங்கள் குழுவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். உடம்புக்கும் அது நல்லதுதான்.

வெல்டிங் தலைக்கவசத்தில் நாங்கள் போடும் 10, 11ஆம் எண் கண்ணாடிகள் சூரியனுக்குப் போதா என்பதால், 14ஆம் எண் கண்ணாடி ஒன்றை ஸ்டோரில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். துணைக்கு ரஃபீக் பாய் வந்தார். என் மேல்கட்டிலில் படுக்கும் வங்காளதேசத்துக்காரர் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஐந்து வருடம் நம்மவர்களோடு இருந்தும் அவருக்குத் தமிழில் நான்கே சொற்கள்தான் தெரியும்: வா, போ, சாப்பிட்டியா, மழை. அந்த நான்கை வைத்துக்கொண்டே மனிதர் எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்குத் துவாஸ் வானத்தைப் பார்த்து, "மழை" என்றார்.

மேற்கே இப்படியென்றால் கிழக்கே வெளுத்திருக்கும் என்று நம்பி, பஸ்ஸில் ஜூ கூன் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ரயிலில் தீவின் மறுகோடிக்குச் சென்று பிடோக்கில் இறங்கிக் கடற்கரையை அடைந்தோம். அங்கே நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கு மேல், உதயம் ஆகிற இடத்தை மட்டும் மறைத்துக்கொண்டு மேகம் கிடந்தது. 7.22 ஆயிற்று, 7.45 ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை. ரஃபீக் பாய் என் தோளைத் தட்டி, நாங்கள் வந்த திசையில் நகரத்துக்கு மேலே நீலமாகத் தெரிந்த ஒரு துண்டு வானத்தைக் காட்டி, "போ" என்றார். திரும்பி ஓடினோம். லவண்டரிலிருந்து ரயில் பூமிக்கு அடியில் போய்விடும் என்பதால் அதற்கு முந்தைய நிலையமான காலாங்கில் குதிக்காத குறையாக இறங்கி, ஆற்றோரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.19.

மேகம் விலகியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன்: பச்சை நிறத்தில் ஒரு தேங்காய்க் கீற்று, அவ்வளவுதான் சூரியன். அதைவிட என்னை நிறுத்தியது வெளிச்சம்தான். உங்கள் வலக்கண்ணைப் பற்றி, "வெளிச்சம் இருக்கிறது, அதில் தெம்பில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அப்படித்தான் இருந்தது. வெயில் அடித்தது, ஆனால் அது வெயிலாக இல்லை. உங்களுக்கு நாள் முழுவதும் இப்படித்தான் தெரிகிறதா, அப்பா?

அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் இலை இடுக்குகளில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாகி, ரஃபீக் பாயின் வெள்ளைச் சட்டை முழுவதும் அசைந்தன. அவர் சட்டையை உதறிப் பார்த்தார். எனக்கு 2010ஆம் வருட மாட்டுப்பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது. நடுமதியத்தில் கங்கண கிரகணம், கொம்புக்கு வர்ணம் பூசிய செவலை வாசலில் நிற்கிறது, நீங்கள் தம்பியின் கையிலிருந்த எக்ஸ்ரே பிலிமைப் பிடுங்கி எறிந்துவிட்டு அம்மாவின் சல்லடையைப் பிடிக்கிறீர்கள், சாணம் மெழுகிய தரையெங்கும் வளையல் வளையலாக வெளிச்சம். சாப்பிடக் கூடாது என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுகிறாள். ரஃபீக் பாய், "சாப்பிட்டியா" என்று கேட்டார். 9.32 வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றும், அறைக்குத் திரும்பியதும் தலை முழுகினேன் என்றும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே உச்சத்தில் இருந்தபோது அங்கே மணி 5.53, நம் ஊரில் சூரியன் உதிக்கவே இல்லை. உதித்தபோது மிச்சக் கிரகணம் தெரிந்ததா என்று எழுதுங்கள்.

கண் அறுவையை இனியும் தள்ளிப்போட வேண்டாம். புரை முற்றட்டும் என்று பெரியப்பா சொல்வதைக் கேட்காமல், பங்குனி உத்திரம் முடிந்ததும் தங்கையை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போய்வாருங்கள். இந்த மாதம் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக அனுப்புகிறேன். முன்னே பின்னே ஆவதுதான், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன். அதை முதலில் கண்ணுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சங்கிலிக்கு இப்போதைக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும், ஆடிக்குள் மீட்டுவிடலாம். மேலத்தெரு மாமா கைமாற்றைக் கேட்டால், நான் பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. பீரோவின் மேல்தட்டில் இருக்கும் என் ஐ.டி.ஐ. சான்றிதழையும் பழைய கம்பெனி கொடுத்த அனுபவக் கடிதத்தையும் படமெடுத்து அனுப்பும்படி தம்பியிடம் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது. வேறொன்றுமில்லை, கோப்பில் வைக்கக் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமரேசன்