பிரிண்டர் வேலை செய்கிறது

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அச்சில் வந்திருப்பதைப் பார்த்தே விளங்கியிருக்கும். பிரிண்டர் வேலை செய்கிறது. கோயில் கணக்கும் கூட்டத்துக்கு முன்பே அடித்துக் கொடுத்தாயிற்று.

பம்பலப்பிட்டியிலிருந்து திருத்த வந்த பொடியன், "விண்டோஸ் 7இற்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் ஐயா" என்றான். ஆதரவு முடிந்தால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவுதானே? அதற்காக நேற்றுவரை அச்சடித்த பெட்டி இன்று அச்சடிக்க மறந்துவிடுமா? தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே.

பிறகு நானே உட்கார்ந்தேன். 'பிரிண்ட் ஸ்பூலர் சேவை இயங்கவில்லை' என்பதுதான் கணினியின் ஒரே பல்லவி. அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்புவது அந்தச் சேவைதானே. பழைய வேலை ஏதும் வரிசையில் சிக்கியிருக்கும் என்று சிஸ்டம்32க்குள் ஸ்பூல் கோப்புறையைத் திறந்தேன், வெறுமை. சேவைகள் பட்டியலுக்குப் போனேன். நீ காட்டித் தந்த வழிதான். அங்கே 'ஸ்டார்ட்' பொத்தான் மங்கிக் கிடந்தது. தொடங்கும் வகை என்ற இடத்தில் 'டிஸேபிள்ட்', அதாவது முடக்கி வைத்திருக்கிறது. பழுது என்றால் தானாக வரும். இது யாரோ கைவைத்துச் செய்தது.

உன் கை என்றுதான் அப்போதும் நினைத்தேன். வந்து நின்ற நாட்களில் நீதானே அதைத் துப்புரவாக்கினாய். எதற்கும் என் கறுப்புக் கொப்பியைப் புரட்டினேன். நீ விமானம் ஏறிய ஒன்பதாம் நாள், என் கையெழுத்தில் இருக்கிறது: 'கணினி வேகம் கூட, தேவையில்லாத சேவைகள் 4 நிறுத்தம்.' நான்காவது ஸ்பூலர். பத்திரிகையில் யாரோ எழுதியதைப் படித்துவிட்டுச் செய்த வேலை. 'ஓட்டோமேட்டிக்' என்று மாற்றி, 'ஸ்டார்ட்' அழுத்தினேன். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

நாற்பது வருடம் மற்றவர்களின் கணக்கில் பிழை பிடித்தவன் நான்.

அன்று தொலைபேசியில், "நீ கைவைக்கிற எதுவும் உருப்படாது" என்றேன். அம்மா பக்கத்தில் நின்று என் கையைக் கிள்ளினாள். நீ "சரி அப்பா" என்று மட்டும் சொன்னாய். அதற்கு அடுத்த கிழமை மாமி எடுத்தாள். அவள் சொன்னது உண்மையா என்று நான் கேட்கப்போவதில்லை. நான் பிரிண்டரைத்தான் சொன்னேன், தம்பி. ஆனால் அது உனக்கு எங்கே போய்ப் பட்டிருக்கும் என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். பிழை என்னுடையது.

உன் அலுவலகத்தில் எது நின்றாலும் உன்னைத்தான் கூப்பிடுகிறார்களாம். கீழ்வீட்டாருக்கு மூன்று தடவை சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு தடவையும் சொன்னதில்லை. அதற்காக இரண்டு மாதம் பேசாமல் இருப்பதா? சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

சின்னக்காவின் மகள் வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்கு ஏறுகிறாள். அம்மா மிளகாய்த்தூள் வறுத்து இடித்து, வழக்கம்போல இரண்டு பேருக்குக் கட்டியிருக்கிறாள். மாமி எடுத்தது அவளுக்குத் தெரியாது. நானும் குறைக்கச் சொல்லவில்லை.

உங்கள் சனி இரவு ஒன்பதுக்கு இங்கே ஞாயிறு காலை ஆறரை. நான் ஐந்து மணிக்கே எழும்பிவிடுகிறேன்.

அப்பா